கவிழ்த்து வைத்த வாளி

அத்தியாயம் பதினான்கு

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை குண்டைத் தூக்கிப் போட்டதும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்காததும் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கம் இதுதான்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்து, தட்டை எடுக்கப் போகிற நேரம். "நான் பாப்பா வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். இந்த மீன் தொட்டிய யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள் அத்தை. பாப்பா என்றால் தொட்டிலில் கிடக்கும் பாப்பா அல்ல. அத்தையின் கடைக்குட்டி மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவள். வீட்டுக்குக் கடைசியாகப் பிறந்த பாவத்துக்கு இன்னமும் பாப்பா.

"ஏம்மா?" என்றான் மகன்.

"சும்மாதான்டா."

அவனும் அதோடு விட்டுவிட்டான். ஊரில் ஓடுகிற பேருந்துகள் அத்தனையும் எந்த நிமிடம் எங்கே நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுவதுதான் அவன் வேலை. வீட்டில் இரண்டு பெண்களை எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைக்க மட்டும் அவனுக்கு நேரம் ஒத்துவருவதே இல்லை.

மருமகளும் கேட்கவில்லை. அவளுக்கு அத்தையைப் பிடிக்கும். வேலை முடிந்து தலையெல்லாம் பல் அச்சு வார்க்கிற பாரிஸ் சாந்துத் தூசியோடு அவள் வந்து நின்றால், மேசைமேல் பிளாஸ்கில் டீ இருக்கும். யார் வைத்தார்கள் என்ற பேச்சே வராது. சொந்த அம்மாவோடு ஒரு நாளும் ஒத்துப்போகாத அவளுக்கு, பேசாமல் டீ வைக்கிற ஒரு மனுஷியோடு வாழ்வது பெரிய நிம்மதியாக இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அத்தையிடமும் சொன்னதில்லை. இப்போது அந்த அத்தை கிளம்புகிறாள். ஏன் என்று தெரியவில்லை. நெஞ்சில் ஒரு கல் ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு வாரத்தை ஓட்டினாள்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்த ஞாயிறு. மதியம் மீன் கடைக்காரர் வந்து தொட்டியைப் பிரித்து எடுத்துக்கொள்வார். சாயங்காலத்துக்குள் பாப்பா வந்து அம்மாவை அழைத்துக்கொள்வாள். எல்லாம் மகன் போட்ட அட்டவணை. போட்டுவிட்டு, ஞாயிறு ஷிப்ட் என்று காலையிலேயே கிளம்பிவிட்டான்.

தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாலில் ஜன்னலுக்கும் வாசல் கதவுக்கும் நடுவே உள்ள சுவர் முழுக்க அது அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர், நீல விளக்கு, பாறை, பாறை மேல் பவளங்கள். அத்தை முப்பது வருடம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்து கிடந்தவள். ஓய்வு பெற்றதும், "இனிமே கண்ணால பாக்கற சைஸுல எதையாவது பாக்கணும்" என்று சொல்லி இந்தத் தொட்டியை வைத்தாள். எதிர் வீட்டுக்காரர்கள் கோவிலுக்குப் போவதுபோல அத்தை காலையும் மாலையும் அதன் முன்னால் போய் நிற்பாள்.

அந்தத் தொட்டியில்தான் நட்சத்திர மீன்கள் வந்து சேர்ந்தன. படத்தில் பார்க்கிற பெரிய சிவப்பு நட்சத்திரங்கள் இல்லை. சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம். ஒரு கை நீளம், இரண்டு கை குட்டை என்று கோணல்மாணலாக இருக்கும். ஏதோ ஒரு பாறையோடு ஒட்டிக்கொண்டு ஒன்றோ இரண்டோ வந்திருக்க வேண்டும். இந்த ஜாதிக்கு ஜோடிகூடத் தேவையில்லை. தானாகவே இரண்டாகப் பிய்ந்து, ஒவ்வொரு துண்டும் மீதிக் கைகளை வளர்த்துக்கொண்டு முழுசாகிவிடும். நாலே மாதத்தில் கண்ணாடியெங்கும் பொரிப்பொரியாக நட்சத்திரம்.

"இந்தச் சனியனுங்க என் பொத்தான் பவளத்த மேயுது. ஒண்ணு விடாம ஒழிக்கணும்" என்று ஒரு நாள் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

மருமகள் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டதோடு நிற்காததுதான் இந்த வாரக் கதை.

*

மருமகளுக்குப் பல் செட்டு செய்கிற வேலை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் செதுக்கி, வார்த்து, தேய்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு நிறம் சேர்த்து அனுப்புவாள். யார் வாயில் அது போய் உட்கார்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. யார் செய்த பல் என்று அவர்களுக்கும் தெரியாது. செய்தது தெரியாமல் இருந்தால்தான் அது நல்ல வேலை. இதை அவள் தொழிலில் கற்றாள். கற்றதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

அதனால் தினமும் அத்தை எழுந்திருக்கும் முன்பே எழுந்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த வளைந்த இடுக்கியும் சின்ன டார்ச்சுமாக ஹால் தரையில் குப்புறப் படுத்துவிடுவாள். விளக்கு எரியாத அதிகாலையில்தான் அந்த நட்சத்திரங்கள் பாறை இடுக்கிலிருந்து கண்ணாடிக்கு ஏறிவரும். நறுக்கினாலும் நசுக்கினாலும் ஒன்று இரண்டாகிவிடும் என்று எங்கேயோ படித்திருந்தாள். ஆகவே ஒரு கைகூட அறுந்துவிடாமல், எழுந்து மேலிருந்து இடுக்கியை இறக்கி, அச்சிலிருந்து மெழுகுப் பல்லை எடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுப்பாள். காகிதத்தில் வைத்து மடித்து, வேலைக்குப் போகும் வழியில் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவாள். அவ்வளவு காரியமாகச் செய்ததை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை.

இன்றும் அப்படியே படுத்தாள். மூன்றே மூன்றுதான் கிடைத்தன. டார்ச்சை அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். பாறைக்குப் பின்னால் தலையைச் சாய்த்துப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒன்றும் இல்லை. தொட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அவளுக்குச் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்தே வந்தது. முடித்துவிட்டாள். யாருக்காக முடித்தாளோ அவள் இன்று கிளம்புகிறாள். தொழில் தர்மத்தை ஒரு நாளைக்கு ஓரங்கட்டி வைத்தால் என்ன என்று தோன்றியது. போகிறவளுக்கு இதையாவது காட்டி அனுப்பலாம். மூன்றையும் ஈரக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு எழுந்தாள்.

அத்தை சமையலறையில் தன்னுடைய கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒரு நிமிஷம் ஹாலுக்கு வாங்களேன்."

"எதுக்கு?"

"வாங்க, சொல்றேன்."

அத்தை வந்தாள். முகத்தில் ஈ ஆடவில்லை. ஒரு வாரமாகவே இப்படித்தான் இருந்தாள்.

"தொட்டியில இப்ப ஒண்ணுகூட இல்ல அத்தை."

"எது?"

"நட்சத்திரம். பவளத்த மேயுதுன்னு சொன்னீங்கல்ல? நீங்க எந்திரிக்கறதுக்குள்ள தினமும் பொறுக்கி எடுத்துடுவேன். இன்னிக்கு மூணுதான் இருந்துச்சு. இதோ." காகிதத்தை நீட்டினாள்.

அத்தை காகிதத்தைப் பார்க்கவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"தினமுமா?"

"தினமும்."

"அந்த வாளி?"

"எந்த வாளி... ஓ, பால்கனி வாளியா! அதுல பூரா பரவியிருந்துச்சு அத்தை. பாத்ததும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. உப்புத் தண்ணி கலக்கற வாளியில எப்படி வந்துச்சோன்னு சுடுதண்ணி ஊத்தித் தேய்ச்சுக் கழுவி, வெயில்ல கவுத்து வெச்சேன்."

சபாஷ் என்று முதுகில் ஒரு தட்டு விழும் என்று எதிர்பார்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் அவளுக்கு அப்போது. அத்தை மெல்லப் பின்னால் நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மாடி, அது நான் வளத்தது."

"எது அத்தை?"

"வாளியில இருந்தது."

"இந்தச் சனியனையா? ஒழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஒழிக்கத்தான் புள்ளி இறால் ஜோடி வாங்கிட்டு வந்தேன்."

புள்ளி இறால்களை மருமகளுக்குத் தெரியும். பால் நிறத்தில் ஊதாத் திட்டுகளோடு, முன்னால் தட்டு மாதிரி இரண்டு அகலக் கைகளோடு, பாறைக் குகையில் உட்கார்ந்திருக்கும். எப்போதாவது வெளியே வரும். பார்க்க லட்சணமாக இருக்கும். அத்தை ஆசைக்கு வாங்கி விட்டிருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அது அழகுக்கு இல்லையா?"

"அழகுக்கா! அதுங்க நட்சத்திர மீனத் தவிர வேற எதையும் வாயில வெக்காது. கடையில விக்கற தீனியப் போட்டாலும் திரும்பிப் பாக்காது. தொட்டியில நட்சத்திரம் தீந்துபோச்சுன்னா பட்டினிதான். அதனாலதான் கொஞ்சத்த எடுத்து வாளியில விட்டு வளத்தேன். அப்பப்ப ரெண்டு எடுத்துப் போடலாம்னு."

மருமகள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு குகையைப் பார்த்தாள். குகையில் இரண்டு இறால்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. நிறம் மங்கியிருந்தது. இத்தனை நாளும் அதைத் தூக்கம் என்று நினைத்திருந்தாள்.

"ஐயோ" என்றாள்.

"குடு இங்க!" அத்தை காகிதத்தைப் பிடுங்கினாள்.

முதல் நட்சத்திரத்தை இடுக்கியில் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கியது மருமகள்தான். அத்தை காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள். குகை வாசலில் நட்சத்திரம் விழுந்ததும் சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெரிய இறால் ஒரு மீசையை நீட்டியது. முகர்ந்தது. அடுத்த கணம் இரண்டும் வெளியே வந்துவிட்டன. நட்சத்திரத்தை மல்லாக்கப் புரட்டி, பெரியது மேலே ஏறி உட்கார்ந்துகொள்ள, சின்னது ஒரு கையின் நுனியிலிருந்து பிய்த்துத் தின்னத் தொடங்கியது.

"சாப்பிடுது" என்றாள் மருமகள்.

"சாப்பிடும். பாவம், ஒரு வாரமா அரைப் பட்டினி." அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த இறால் விஷயத்த வாங்கின அன்னிக்கே உன்கிட்ட சொல்லச் சொல்லி அவன்கிட்ட சொன்னேனே?"

"உங்க புள்ளைகிட்டயா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏன்டா, அந்த இறால் என்ன சாப்பிடும்னு உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா?"

"எந்த இறாலும்மா?" என்றது போன். பின்னணியில் பேருந்து ஒன்று உறுமியது.

அத்தை போனை வைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டது.

*

சிரிப்பு அடங்கியதும்தான் விஷயத்துக்கு வந்தாள் அத்தை. தரையில் தொட்டிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் என்ன நெனச்சேன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"தொட்டியில நட்சத்திரம் குறைஞ்சுகிட்டே வந்துச்சு. ரெண்டு இறால் தின்னா இவ்வளவு குறையாதேன்னு பாத்தேன். ஒரு நாள் காலையில உன்னோட இடுக்கி ஈரமாக் கெடந்துச்சு. அப்புறம் வாளி. கழுவி, தொடச்சு, கவுத்து வெச்சிருக்கு." அத்தை நிறுத்தினாள். "என்னை வெளியில அனுப்பத்தான் அதுகள நீ பட்டினி போடறேன்னு நெனச்சேன்."

மருமகளுக்குச் சுரீர் என்றது. இத்தனை நாள் கூட இருந்தும் தன்னை இவ்வளவு மட்டமாக நினைக்க முடிந்ததே என்ற வலி ஒரு பக்கம். நினைக்கும்படி விட்டது தானே என்ற எரிச்சல் இன்னொரு பக்கம்.

"கேட்டிருக்கலாமே அத்தை!"

"நிச்சயமாத் தெரியாம எப்படிக் கேக்கறது? ஆஸ்பத்திரியில ரிசல்ட் கைக்கு வராம ஒரு வார்த்தை பேசமாட்டோம்."

"கேட்டாத்தானே நிச்சயமாத் தெரியும்? இது என்ன ரத்தமா, மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாக்க?"

மருமகள் குரலை உயர்த்தி அத்தை கேட்டது இதுவே முதல் தடவை. ஆனால் கோபம் வரவில்லை. அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நீ மட்டும் என்னவாம்? தினமும் தரையில படுத்துப் பொறுக்கியிருக்க. 'அத்தை, இன்னிக்கு எட்டு புடிச்சேன்'னு ஒரு நாள் சொல்லியிருந்தா, அன்னிக்கே உன்ன நிறுத்தியிருப்பேனே?"

அசடு வழியச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள் மருமகள். பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"போகாதீங்க அத்தை."

அத்தை தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நீங்க இருப்பீங்கன்னு நெனச்சுகிட்டுத்தான் வருவேன். நீங்க இல்லாம இந்த வீடு எனக்குப் புடிக்காது. எனக்கு இப்படியெல்லாம் பேச வராது. ஆனா போகாதீங்க."

அத்தை தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறால்கள் அடுத்த கைக்குப் போயிருந்தன.

"அந்தக் கோப்பைய வெளிய எடுத்து வை. பாப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

*

சொன்னபடி மதியம் மீன் கடைக்காரர் வந்தார். தோளில் குழாய்ச் சுருள், கையில் இரண்டு பெரிய தெர்மகோல் பெட்டிகள், கூடவே கதவில் இடித்துக்கொண்டே வந்த ஒரு ஏணி. நல்ல மனிதர். ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் எதையாவது தட்டாமல் இருக்கமாட்டார்.

"எங்க ஆரம்பிக்கலாம்? முதல்ல தண்ணிய எடுத்துடவா?"

"ஆரம்பிக்க வேணாம்" என்றாள் அத்தை. "தொட்டி போகல."

"போகலையா?" அவர் ஏணியைப் பார்த்தார். மாடிப்படி ஏறி வந்த அத்தனை கஷ்டமும் முகத்தில் தெரிந்தது.

"வேற ஒரு உதவி வேணும். எங்களுக்குக் கொஞ்சம் நட்சத்திரம் வேணும். சின்னதுங்க, கண்ணாடியில ஒட்டிகிட்டு இருக்குமே, அது."

"அதுக்குத்தான் போன தடவை இறால் ஜோடி வாங்கினீங்க? ஒழியலையா?"

"ஒழிஞ்சிடுச்சு. அதுதான் பிரச்சினை" என்றாள் மருமகள்.

கடைக்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து காலணி அலமாரிமேல் விழுந்தது. "இவ்வளவு வருஷமா கடை வெச்சிருக்கேன். ஊரே இத ஒழிச்சுக் குடுங்கன்னு கேட்டு வருது. வேணும்னு கேட்ட மொத ஆள் நீங்கதான்" என்றார்.

"கிடைக்குமா, கிடைக்காதா?"

"கிடைக்குமாவா? கடையில பின்பக்கத் தொட்டிய எட்டிப் பாத்தீங்கன்னா பயந்துடுவீங்க. ஒரு டப்பா நிறையக் கொண்டாந்து தரேன். இனிமே மாசாமாசம் வேணும்னாலும் சொல்லுங்க." போகும்போது வாசலில் நின்று, "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குச் சிரிப்பு வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வந்து டப்பாவைக் கொடுத்தபோது, அத்தை பால்கனிக்குப் போய் வாளியை நிமிர்த்தி வைத்திருந்தாள். மருமகள் உப்பைக் கலக்கினாள். அத்தை காற்றுக் குழாயைச் சொருகினாள். மகனுடைய அட்டவணையில் இல்லாத வேலை எல்லாம் மளமளவென்று நடந்தது. நட்சத்திரங்களை வாளிக்குள் விடும்போது மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை மாதமாக இவற்றை ஒழிக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவள், இப்போது ஒன்றுகூடச் செத்துவிடக்கூடாதே என்று கையில் ஏந்தி விடுகிறாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு இருந்தது. அத்தை ஆஸ்பத்திரிக் கதை சொன்னாள். மருமகள், ஒருவருக்குச் செய்த பல் செட்டு இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்து, அவர் அதுதான் வசதியாக இருக்கிறது என்று திருப்பித் தர மறுத்த கதையைச் சொன்னாள். அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அழைப்பு மணி அடித்தபோதும் அந்தச் சிரிப்பு முடிந்திருக்கவில்லை.

*

பாப்பா வாசலில் நின்றாள். பிரயாணத்தில் கசங்கிய உடை, நெற்றியில் ஒட்டிய முடி. எப்போது வந்தாலும் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருகிறவள், இன்று செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்தாள்.

"கிளம்பலாமாம்மா? ரெடியா?"

"முதல்ல உக்காரு. தண்ணி குடி" என்றாள் மருமகள்.

"இல்ல அண்ணி, நேரமாயிடும். அம்மா, பையெல்லாம் எங்க?"

அத்தை ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தாள். "பாப்பா, கோவிச்சுக்காத. நான் வரல."

பாப்பா சிரித்தாள். "விளையாடாதம்மா."

"விளையாடல. இங்க ஒரு சின்ன விஷயம் தப்பாப் புரிஞ்சுகிட்டேன். அதுக்காகத்தான் கிளம்பறேன்னு சொன்னேன். இப்ப சரியாயிடுச்சு. வீணா உன்ன அலைய வெச்சுட்டேன். நீ ரெண்டு நாள் இருந்துட்டுப் போ."

பாப்பாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று. கீழே வைக்க இடம் தெரியாததுபோல் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நீ வரலன்னா நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன்மா."

அத்தை துண்டை மேசைமேல் வைத்தாள்.

"என்னடி சொல்ற?"

"உன்ன வயசான காலத்துல பாத்துக்கறேன்னு போன்ல சொன்னேன்ல, அதெல்லாம் சும்மா. எனக்கு ஆளு வேணும்மா. அந்த வீட்டுல பேச ஒரு ஆளு வேணும்." அவள் அழவில்லை. யாருடைய கதையையோ சொல்வதுபோல் சொன்னாள். "அவர் என்கிட்ட பேசறதே இல்ல. வராரு, சாப்பிடறாரு, போறாரு. மழைக்கு முன்னாடியிலேருந்து இப்படித்தான். துணியெல்லாம் எடுத்து உள் ரூம்ல வெச்சுக்கிட்டாரு. நேத்து அந்தக் கதவுக்குப் புதுசா பூட்டு போட்டிருக்காரு."

"பூட்டா? எதுக்கு?"

"தெரியல."

"நீ கேக்கலையா?"

பாப்பா தலையை ஆட்டினாள். "அவரா சொல்லட்டும்னு இருக்கேன். நிச்சயமாத் தெரியாம நான் என்னன்னு கேக்கறது?"

மருமகள் அத்தையைப் பார்த்தாள். தான் பெற்றதில் ஒன்று சொல்ல வேண்டியதை மறக்கிறது, இன்னொன்று கேட்க வேண்டியதைக் கேட்கமாட்டேன் என்கிறது. அந்தக் கணத்தில் அத்தையின் மனதில் ஓடியது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"இங்கேயே இருந்துடேன்" என்றாள் மருமகள் பாப்பாவிடம். "உனக்கு இல்லாத இடமா?"

"இருந்துடலாம் அண்ணி. ஆனா என்னன்னு தெரியாம வந்து உக்காந்தா, ஆயுசுக்கும் அதையே நெனச்சுகிட்டு இருப்பேன். அம்மா கூட இருந்தா கேட்டுடுவேன். தனியா எனக்குப் பயமா இருக்கு."

பால்கனியில் வாளிக்குள் காற்றுக் குழாய் கொடகொடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அத்தை மகளைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். அது மருமகளுக்குப் புரிந்தது. காலையில் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாள். கொடுத்த வாயால் மாற்றிக் கேட்க அத்தைக்கு வராது. மகளுக்காக உள்ளே வெந்துகொண்டே இங்கேயே இருந்துவிடுவாள். டீயும் வைப்பாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

மருமகள் இந்த வீட்டில் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் கேட்டது காலையிலேயே கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் அதைத் தானே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

"அத்தை, நீங்க போகணும்" என்றாள்.

"உன்கிட்ட இருக்கேன்னு சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. அது எனக்குப் போதும். இப்ப அவளுக்குத்தான் நீங்க வேணும். கிளம்புங்க."

"எத்தனை நாளாகும்னு தெரியலையே."

"ஆகட்டும்."

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய கை. அத்தை இப்படித் தொட்டதே இல்லை.

"தினமும் போன் பண்றேன். அந்த இறால் எப்படி இருக்கு, நட்சத்திரம்..."

"அத்தை" என்று குறுக்கிட்டாள் மருமகள். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. "தினமும் போன் பண்ணுங்க. ஆனா இறால் எப்படி இருக்குன்னு கேக்காதீங்க. நான் எப்படி இருக்கேன்னு கேளுங்க."